சூடு ஆறுவதற்குள்

ஒரு மனிதன் தன் கை செய்ததைத் தானே அறியாமல் இருக்க முடியுமா? தூக்கத்தில் அல்ல, குடிபோதையில் அல்ல. பட்டப்பகலில், தெளிந்த புத்தியோடு, சொந்த வீட்டு வாசலில். ராய்ஸ்டன் சக்டனை அறிந்தவர்கள் அவனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்துதான் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவன் பெரிய ஆள் இல்லை. இங்கிலாந்தின் யார்க்ஷயர் மலைச்சரிவில் இருக்கும் ஹெப்பர்டேலில், நகராட்சி நீச்சல் குளத்துக்குக் கீழே உள்ள இயந்திர அறையைப் பார்த்துக்கொண்டவன். தண்ணீர் குளிர்ந்தால் பள்ளிப் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். சூடேறினால் நீச்சல் சங்கத்துக்காரர்கள் முறையிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் வெப்பமானியின் முள்ளை நிறுத்தி வைப்பது அவன் வேலை. ஓரளவு நன்றாகவே செய்தான். அவனைக் குறை சொன்னவர்கள் உண்டு என்றால், எல்லாவற்றுக்கும் அதிகமாக யோசிக்கிறான் என்ற குறைதான்.

அவனுடைய ஒரே ஆடம்பரம் தோர்ஸ்பி. கிழக்கே சமவெளியில் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று உண்டு. ஓடுபாதைகளை வளைத்து, டயர்களை அடுக்கி, சொந்தக் காரை வேகமாக ஓட்டிப் பார்க்க விரும்புகிற யாரும் ஒரு நாள் வந்து ஓட்டலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். பந்தயம் கிடையாது. யார் எத்தனை நிமிடத்தில் சுற்றினார்கள் என்று கணக்கெடுப்பதுகூடத் தடை. பல் வைத்தியரும் கோழிப்பண்ணைக்காரரும் கல்லூரி ஆசிரியையும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒரே வரிசையில் நிற்பார்கள். கோடை மாதங்களில் ஏதாவது ஒரு சனிக்கிழமை ராய்ஸ்டனும் கிளைவ் பாராக்ளஃபும் போவார்கள். கிளைவ் அதே தெருவின் அடியில் குடியிருந்தவன், ஓடு வேய்கிறவன். இருவருக்கும் சேர்த்து ஒரே கார்தான். பழைய சிவப்பு நிறச் சின்னக் கார். ஒருவன் ஓட்டும்போது மற்றவன் பக்கத்தில் உட்காருவான், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள்.

வேகத்தைப் பற்றி தோர்ஸ்பியில் அதிகம் பேசமாட்டார்கள். பேச்சு எல்லாம் சூட்டைப் பற்றித்தான். ஊர்ச் சாலையில் பிரேக்கை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மிதித்தால் நிற்கும், அவ்வளவுதான். அங்கே அது அடுப்பு. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் மிதிக்க மிதிக்க, சக்கரத்துக்குள் இருக்கும் இரும்புத் தட்டு கனல்போல் ஆகும். அந்தச் சூடு பிரேக் ஆயிலில் ஏறும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் குணம் உண்டு. ஈரம் சேரச் சேர சீக்கிரம் கொதிக்கும். கொதித்துக் குமிழி கட்டிவிட்டால் மிதி பஞ்சில் கால் வைத்த மாதிரி தரைவரை போகும், கார் நிற்காது. அதனால் ராய்ஸ்டன் தோர்ஸ்பிக்குப் போகும் முன் ஒவ்வொரு தடவையும் புது ஆயில் மாற்றுவான். ஒருமுறை மூடி திறந்த டப்பாவை மறுபடி தொடமாட்டான்.

மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து பழைய ஆயிலைக் குழாய் வழியாக விட வேண்டும். உள்ளே உட்காருபவள் அவன் மனைவி லினெட். நூலகத்தில் எடுத்த துப்பறியும் நாவலோடு வந்து உட்காருவாள்.

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

"அப்படியே பிடி. விட்டுடாத."

"பிடிச்சுட்டுதான் இருக்கேன். இங்க ஒரு பொணம் விழுந்து கிடக்கு, யார் கொன்னதுன்னு தெரிஞ்சாகணும். சீக்கிரம் முடி."

"கடைசிப் பக்கத்தை முதல்லயே படிச்சிருப்பியே."

"படிச்சேன். பாதிரியார்தான். எதுக்காகன்னு இன்னும் தெரியல."

அவள் அப்படித்தான். யார் செய்தது என்று தெரியாமல் முந்நூறு பக்கம் காத்திருக்க அவளால் முடியாது. தெரிந்துவிட்டால் மீதியை நிம்மதியாகப் படிப்பாள்.

இன்ஜின் ஆயிலின் சூட்டைக் காட்ட ராய்ஸ்டன் தனியாக ஒரு முள் பொருத்தியிருந்தான். அது எண்பது டிகிரியைத் தொடும்வரை காரை விரட்டமாட்டான். நூற்று இருபதை நெருங்கினால் மற்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி வந்துவிடுவான். ஜூலை வெயிலிலும் ஹீட்டரை முழுசாகத் திறந்து, இன்ஜினின் சூட்டை தானும் கிளைவும் உட்கார்ந்திருக்கும் பக்கம் இழுத்துவிடுவான்.

"ரெண்டு முட்டைய பாக்கெட்ல போட்டுட்டு வந்திருக்கலாம்டா ராய். இந்நேரம் வெந்திருக்கும்," என்பான் கிளைவ்.

"இன்ஜின் வேகுறதுக்கு நாம வேகலாம்."

"உனக்குக் காரைக் கட்டி வச்சிருக்கணும். லினெட் பாவம்."

ஓட்டி முடித்து வெளியே வருவதற்கும் அங்கே முறை இருந்தது. கடைசிச் சுற்றில் பிரேக்கையே தொடாமல் மெதுவாக வர வேண்டும். நிறுத்தியதும் இன்ஜினை அணைக்கக் கூடாது. கியரை எடுத்துவிட்டு, ஆயில் சுற்றிச் சுற்றி ஆறும்வரை சும்மா ஓடவிட வேண்டும். முக்கியமாக, ஹேண்ட் பிரேக்கை இழுக்கக் கூடாது. கனலும் தட்டை ஒரே இடத்தில் கவ்விப் பிடித்தால் அந்த இடம் கெட்டுவிடும்; சூடும் ஆயிலுக்குள் இறங்கும். சமதரைதானே, சக்கரத்தடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் போதும். மறந்துபோய் யாராவது இழுத்துவிட்டால் அந்தக் 'கரக்' சத்தம் பக்கத்துக் கார்க்காரர்களுக்குக் கேட்கும். உடனே வரிசை முழுக்க கைதட்டல். இழுத்தவர் அந்த வரிசைக்கே பன்றியிறைச்சி வைத்த ரொட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும். பல் வைத்தியர் இரண்டு தடவை மாட்டினார். கிளைவ் எத்தனை தடவை என்று அவனுக்கே நினைவில்லை. ராய்ஸ்டன் ஒருமுறைகூட வாங்கிக் கொடுத்ததில்லை.

பழக்கம் என்றால் ஒன்றைச் செய்வது என்றுதான் நினைக்கிறோம். செய்யாமல் விடுவதும் கையில் படியும். நாள் முழுக்க, இறங்கும்போதெல்லாம், அவன் இடது கை ஹேண்ட் பிரேக் நெம்புகோலைத் தொடாமலே விடப் பழகியது.

ஹெப்பர்டேலில் அவன் வீடு இருந்த சேப்பல் தெருவோ சமதரை இல்லை. பால் புட்டி உருண்டால் கீழே ஆற்றுப் பாலம்வரை போகும். அங்கே யாரும் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. முன்சக்கரத்தைத் திருப்பி நடைபாதைக் கல்லில் சாய்த்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

அன்று தோர்ஸ்பியில் நல்ல நாள். மழை இல்லை, யாரும் தடம் விட்டு வயலில் இறங்கவில்லை. திரும்பும்போது மேட்டு நிலத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் நீண்ட சாலையில், கேரவன் என்கிற வீட்டு வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு ஊர்ந்த காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். இறக்கம் முழுக்கப் பிரேக்கில்தான் வந்தார்கள். கருகல் வாடை உள்ளே வந்தது.

"வாசனை வருதே," என்றான் கிளைவ்.

"வரும். தொடாம வர முடியல."

கிளைவைத் தெருவடியில் இறக்கிவிட்டு, முதல் கியரில் ஏறி, தன் வீட்டு வாசலில் நின்றான். சக்கரத்தைத் திருப்பிக் கல்லில் சாய்த்தான். ஆயில் முள் நூற்றுப் பத்தைத் தாண்டி நின்றது. கியரை எடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, இறங்கினான். இதுவரை அவனுக்குத் தெளிவாக நினைவிருந்தது. முள்ளைப் பார்த்தது, சக்கரம் கல்லில் முட்டிய சின்ன அதிர்வு, கதவு. முள்ளுக்கும் கதவுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

லினெட் வாசலுக்கு வந்தாள். "எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. நீ உக்காரு, டீ நான் போடுறேன்."

"சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கிறேன். உன்கிட்ட விட்டா அடுத்த மாசம் அதுல மீசை முளைச்சிருக்கும்."

அவன் உள்ளே போய்க் கெட்டிலைப் போட்டான். சமையலறைக் குழாயில் கை கழுவினான். எண்ணெய்க் கறை லேசில் போகாது, நகம் நகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெளியே லினெட் காரின் பின்கதவைத் திறந்து, பெட்டிக்கு மேல் கிடந்த உபரிச் சக்கரத்தைத் தூக்கி நகர்த்தினாள்.

கெட்டில் கொதித்தபோது நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலில் சிவப்புக் கார் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மனிதன் நடப்பதைவிட மெதுவாக. அதுதான் கொடுமை. அவ்வளவு மெதுவாக நகரும் ஒன்றை நிறுத்திவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். லினெட்டுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அவள் விலகவில்லை. இரண்டு கைகளையும் காரில் ஊன்றி, காலைப் பின்னுக்கு வைத்து, தள்ளிக்கொண்டு நின்றாள். ஜன்னலின் விளிம்புக்கு அப்பால் முதலில் அவள் மறைந்தாள், பிறகு கார் மறைந்தது.

சோப்புக் கையோடு கதவின் குமிழைத் திருப்பினான். வழுக்கியது. மறுபடி வழுக்கியது. துணியைப் பிடித்துத் திருப்பி அவன் தெருவுக்கு வந்தபோது கார் வேகம் எடுத்திருந்தது. எட்டிப் பிடித்தது முன்பக்க விளக்கைத்தான். அது பிடிக்கும் இடமில்லை. தெருவின் கீழே இருந்த சேப்பலின், அந்தச் சின்னத் தேவாலயத்தின், சுவரில் கார் மோதி நின்றது. சுவருக்கும் காருக்கும் நடுவில் லினெட் இருந்தாள்.

அவள் கத்தவில்லை. "ராய், இதை எடு," என்றாள், மடியில் ஏறிய பூனையை எடுக்கச் சொல்வதுபோல. அவன் தள்ளினான். ஏற்றத்தில் ஒரு ஆள் தள்ளி அசைகிற காரில்லை அது. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஆயில் முள் தொண்ணூறுக்கு இறங்கியிருப்பது அவன் கண்ணில் பட்டது. அந்த நேரத்தில் அதையும் பார்த்தோமே என்று அவன் பிற்பாடு தன்னை மன்னிக்கவில்லை.

சத்தம் கேட்டுக் கிளைவ் ஓடி வந்தான். வந்த வேகத்தில் காருக்குள் பாய்ந்து இன்ஜினை அணைத்தான், ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பிறகு தெருக்காரர்கள் சேர்ந்து காரை மேலே தள்ளினார்கள்.

லினெட்டின் உடைந்த இடுப்பெலும்பு ஒட்டியது. வலது முழங்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் பொறுமையானவர்.

"மிஸ்டர் சக்டன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தீங்களா?"

"தெரியல."

"இழுத்திருப்பீங்கன்னு நினைக்கிறீங்களா?"

"இந்தத் தெருவில எப்பவும் இழுப்பேன். ஆனா அன்னைக்கு தோர்ஸ்பிக்குப் போய்ட்டு வந்தேன். அங்க இழுக்க மாட்டோம்."

"அப்ப இழுக்கலையா?"

"அதுவும் தெரியல சார்."

அவர் கிளைவைக் கேட்டார். நெம்புகோலைப் பற்றிச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான்.

"மேலதான் இருந்துச்சு," என்றான் கிளைவ். "நான் இழுக்கப் போனேன், ஏற்கெனவே ஏறித்தான் இருந்துச்சு."

அவர் போனதும் ராய்ஸ்டன் கேட்டான். "நெசமாவா?"

கிளைவ் சுவரைப் பார்த்தான். "டேய், அந்த நேரத்துல என் கையில என்ன பட்டுச்சுன்னு எனக்கு எப்படிடா தெரியும்? இழுத்தேன். ஏறுச்சா, முன்னாடியே ஏறியிருந்துச்சான்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப ஏன் சொன்ன?"

"ஏன்னா நீ எதையும் மறக்குற ஆள் இல்ல. கேளு, சூடான தட்டு ஆறும்போது சுருங்கும். சுருங்கினா பிடி தளரும். இறக்கம் பூரா பிரேக்ல வந்தோம், கருகல் வாடை வந்துச்சு. நீ இழுத்திருக்க. அது ஆறி விட்டுருச்சு. இப்படி எத்தனை காரு நகர்ந்திருக்கு."

அதில் தவறு ஒன்றும் இல்லை. அப்படியும் நடக்கும். இழுத்திருந்தால் இரும்பு விட்டிருக்கிறது. இழுக்காமல் விட்டிருந்தால், தேய்ந்த நடைபாதைக் கல் கொஞ்ச நேரம் தாங்கியிருக்கிறது. லினெட் உபரிச் சக்கரத்தைத் தூக்கியபோது வந்த குலுக்கலில் டயர் கல்லின் மேல் ஏறிவிட்டிருக்கிறது. எப்படி நடந்திருந்தாலும் அதே கார், அதே தெரு, அதே முழங்கால். வித்தியாசம் ராய்ஸ்டனின் இடது கைக்குள் மட்டும் இருந்தது. அங்கே போய்ப் பார்க்க அவனுக்கே வழியில்லை.

பார்க்க முயன்றான். லினெட் தனக்கென்று வைத்திருந்த காரில் போய் உட்கார்ந்து நிறுத்தி இறங்கிப் பார்ப்பான். கை தானாக இழுக்கும். ஆனால் இழுக்கிறதா என்று பார்க்கும் கை எப்படியும் இழுக்கத்தான் செய்யும். கண்ணை மூடினால் இழுத்த ஞாபகம் வந்தது. அதுதான் பிரச்சினை. அந்த வாசலில் ஆயிரம் தடவை இழுத்திருக்கிறான். ஆயிரமும் ஒரே மாதிரி. அதில் ஒன்று அந்தச் சனிக்கிழமையுடையதா, ஆயிரமும் வேறு நாட்களுடையவையா என்று ஞாபகத்தில் தேதி போட்டிருக்கவில்லை. வீட்டைப் பூட்டினோமா என்று பேருந்தில் உட்கார்ந்து யோசிப்பவனுக்கும் இதே கதிதான். அவனாவது திரும்பிப் போய்க் கதவைப் பார்க்கலாம்.

தெருக்காரர்கள் அவனிடம் நல்லவிதமாகவே பேசினார்கள். அதுவும் அவனுக்கு உதவவில்லை. குற்றவாளி என்று சொல்லியிருந்தால் தலை குனிந்திருக்கலாம். நிரபராதி என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அவர்களோடு சேர்ந்து விதியைத் திட்டியிருக்கலாம். இரண்டிலும் கால் ஊன்ற முடியவில்லை. வேலைக்குப் போனான். முள்ளைப் பார்த்தான். ஒருநாள் குளத்து நீர் குளிர்ந்து பிள்ளைகள் கத்தும்வரை அதே முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றதாகச் சொன்னார்கள்.

மருத்துவமனையில் லினெட் முதல் வாரங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம், செவிலி தலையணையைச் சரிசெய்து, "நல்லா ஆறிக்கிட்டு வருது கண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனதும் கேட்டாள்.

"நீ இழுத்தியா ராய்?"

"தெரியல லின்."

"யோசிச்சியா?"

"வேற எதையும் யோசிக்கல."

"நான் சொல்றதைக் கேளு. நீ இழுத்திருந்தா, அது காரோட தப்பு. கார் மேல கோபப்பட்டுக்கிறேன். நீ இழுக்கலைன்னா, உன் தப்பு. உன் மேல கோபப்படுவேன். நல்லாவே கோபப்படுவேன். அப்புறம் ஒருநாள் அது தீரும். எத்தனையோ தீர்ந்திருக்கு. ஆனா இந்தத் தெரியலயை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கோபத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"நான் பொய் சொல்லணுமா?"

"பொய் சொல்லச் சொல்லல. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுன்னு சொல்றேன்."

"தெரிஞ்சுக்க முடியாது லின்."

"அப்படின்னா நான் வீட்டுக்கு வரணுமான்னு யோசிக்கணும். கிளேர் வரச் சொல்லியிருக்கா." கிளேர் அவள் தங்கை, கடலோரத்தில், படிக்கட்டு இல்லாத வீட்டில் இருந்தாள். லினெட் மிரட்டவில்லை. மிரட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை. அந்தச் சுவரைத் தினம் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவனைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வாழ முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

காரைப் பிரித்துப் பார்த்த நிபுணரின் முடிவு இலையுதிர் காலத்தில் வந்தது. பின்சக்கரத் தட்டுகளில் அதிகச் சூடு கண்டதற்கான நிறமாற்றம் இருந்ததாம். பிரேக் கம்பியிலும் கவ்வியிலும் பழுதில்லை. தட்டு ஆறிச் சுருங்கியதால் பிடி விட்டிருக்க வாய்ப்பு உண்டு. நிச்சயமாகச் சொல்ல இயலாது. வழக்கு எதுவும் போடவில்லை என்று போலீஸ்காரரே வந்து சொன்னார்.

கிளைவ் பீர் வாங்கிக்கொண்டு வந்தான். "நான்தான் சொன்னேன்ல? சுருங்கிருச்சு. நிபுணரே சொல்லிட்டாரு. போய் லினெட்கிட்ட சொல்லு. கேஸ் முடிஞ்சுது."

"வாய்ப்பு உண்டுன்னுதான் சொல்லியிருக்கார்."

"ஐயோ, போதும்டா. யாரும் உன்னைக் கேட்கல. ஒரு கதவு திறந்திருக்கு, நுழைஞ்சு போயேன்."

ராய்ஸ்டன் பீரைத் திறக்கவில்லை. "போலீஸ்ல உனக்கே தெரியாததைச் சொன்னியே. அதுக்கப்புறம் உனக்குத் தூக்கம் வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு," என்றான் கிளைவ். யோசித்துவிட்டு, "இப்பல்லாம் மேலதான் இருந்துச்சுன்னே தோணுது," என்றான்.

மறுநாள் ராய்ஸ்டன் லினெட்டைப் பார்க்கப் போனான். அன்று அவளை வெளியே அனுப்புவதாக இருந்தது. கிளேரும் தன் காரில் வந்து கீழே காத்திருந்தாள். நிபுணரின் முடிவைக் கிளைவ் ஏற்கெனவே தொலைபேசியில் லினெட்டுக்குச் சொல்லியிருந்தான். அவள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலை மடியில் வைத்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வலது கால் நீட்டியபடி இருந்தது. முகத்தில் பல வாரங்களாக இல்லாத தெளிவு. நிபுணர் சொன்னதையே அவன் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற தெளிவாக இருக்கலாம்.

அன்று அவன் சொன்னதைப் பற்றிக் கிளைவ் பிற்பாடு பலமுறை கேட்டான், கெஞ்சினான், ஒருமுறை சட்டையைப் பிடித்தான். எல்லோரும் விட்டுவிட்ட பிறகு ஏன், அதுவும் அவனுக்கே தெரியாத ஒன்றை ஏன், என்று. ராய்ஸ்டன் பதில் சொன்னதில்லை.

"இப்ப சொல்லு," என்றாள் லினெட். "இழுத்தியா?"

கிளேரின் கார் கீழே ஹார்ன் அடித்தது. கீழே கொண்டுபோக எடுத்திருந்த அவளுடைய பையை அவன் தரையில் வைத்தான்.

"இல்ல," என்றான். "இழுக்கல."